முன்னூறு இலைச் சொதியும் நாலு கையெழுத்தும்

கல்யாண வீட்டுச் சமையல்காரரைத் திருநெல்வேலிச் சீமையில் தவசுப்பிள்ளை என்பார்கள். தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் தவசுப்பிள்ளை நெல்லையப்பனின் கைச்சோறு சாப்பிடாதவர்கள் குறைவு. ஆள் பார்க்க ஒல்லி. தொந்தியும் தொப்பையுமாக ஒருவரை எதிர்பார்த்து வருகிறவர்கள் அவரிடமே "தவசுப்பிள்ளை எங்க?" என்று கேட்பதுண்டு. "உள்ள இருக்காரு, இந்தா வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவரே திரும்பி வருவார். ஐம்பத்தெட்டு வயதிலும் இந்தக் குறும்பு அவரை விட்டுப் போகவில்லை.

அவருடைய கைப்பக்குவத்தைவிட அவர் எழுதும் சிட்டைக்குத்தான் பேர் அதிகம். சிட்டை என்றால் சமையலுக்கு வேண்டிய சாமான் பட்டியல். பெண்ணைப் பெற்றவர் வந்து முன்னூறு பேர் என்பார். "முகூர்த்தம் புதன்கிழமை. பள்ளிக்கூடம் உண்டு, ஆபீஸ் உண்டு. இருநூத்தி எம்பதுக்கு எழுதுதேன்" என்பார் நெல்லையப்பன். அவர் எழுதிய அரிசியில் ஒரு படி மிஞ்சாது, ஒரு இலைக்குக் குறையாது. "ஒரு ரெண்டு கிலோ முந்திரி கூடப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்று பெரிய மனசோடு சொல்கிறவர்களிடம், "அது பாயாசத்துக்குப் போவாது, எவன் வீட்டுக்காவது போவும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இதனால் மற்ற சமையல்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

இப்படிப்பட்டவர் அரசியல் பக்கம் திரும்பியதற்குக் காரணம் ஒரு சாக்கடை. அவருடைய ஊர் குற்றாலத்துக்குப் போகிற வழியில் ஒரு பேரூராட்சி. பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லவில்லை. தெருவில் வாறுகால், அதாவது சாக்கடை, இல்லாமல் சாரல் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று மனுக் கொடுக்கப் போனார். "உங்க தெருவுக்கு வாறுகால் கட்டி ரெண்டு வருசம் ஆச்சே" என்று பதில் வந்தது. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செலவில் கட்டியிருக்கிறார்கள். தெருவில் குடியிருக்கிற ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை, அவ்வளவுதான்.

நெல்லையப்பன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மதிப்பீட்டு நகலை வாங்கினார். எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவர். ஆனாலும் சிமெண்ட், மணல், ஜல்லி, ஆள்கூலி என்று வரிசையாகப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இதுவும் ஒரு சிட்டைதானே. "மொழி, இங்க பாரேன்" என்று மனைவி குழல்வாய்மொழியைக் கூப்பிட்டார். "நூறு அடி நீளத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டிருக்கான் பாரு. இது ஆயிரம் பேரு சிட்டை. சமைச்சது ஒருத்தருக்கும் இல்ல!"

அந்த நகலைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். அங்கேதான் தமிழ் மாநில வரிசெலுத்துவோர் விழிப்பு மன்றத்தின் தலைமை அலுவலகம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. தலைவர் கிங்ஸ்லி ஓய்வு பெற்ற தணிக்கையாளர். அதிர்ந்து பேசமாட்டார். மன்றம் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்காது. எல்லாக் கட்சியிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும். மக்கள் பணம் எங்கே போயிற்று என்று கேட்கும். ஆகவே எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் அதன்மேல் சமமான எரிச்சல் இருந்தது.

"நான் வருமான வரி கட்டுத ஆளு இல்ல சார். என்னைச் சேத்துக்கிடுவீங்களா?" என்று கேட்டார் நெல்லையப்பன்.

"எண்ணெய் டின் வாங்குறீங்களா?" என்றார் கிங்ஸ்லி. "நெய், கேஸ், போன் ரீசார்ஜ்? ஒவ்வொண்ணுலயும் வரி கட்டுறீங்க. வருசத்துக்கு எவ்வளவுன்னு கூட்டிப் பாத்தா ராத்திரி தூக்கம் வராது. உக்காருங்க."

மன்றம் துணைக்கு நின்று, மனு மேல் மனுவாகப் போட்டு, மறு வருடமே வாறுகால் நிஜமாகவே வந்தது. அதோடு நெல்லையப்பன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கரண்டி பிடிக்காத நாட்களில் சுந்தரபாண்டியபுரம், வடகரை, வீரகேரளம்புதூர் என்று பஸ் ஏறி, ஊர் ஊராக மதிப்பீட்டு நகல்களைச் சிட்டை படிக்கிற மாதிரி படித்துக் காட்டினார். ஆறே வருடத்தில் தென்காசி மாவட்டச் செயலாளர் ஆகிவிட்டார். "சம்பளம் எவ்வளவு?" என்று குழல்வாய்மொழி கேட்டாள். சம்பளம் இல்லை, பஸ் செலவும் கைக்காசு என்றதும், "கொள்ளாம், நல்ல பதவி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கேரள எல்லையில் செங்கோட்டைப் பக்கம் பிறந்த வீடு; பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. மன்றம் ஓர் உறுதிமொழித் தாளை அச்சடித்தது. தொகுதியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும், வேலை நடக்கிற இடத்திலேயே பலகை வைக்கச் செய்வேன்; எதற்கு எவ்வளவு என்று இனம் பிரித்து அதில் எழுதச் செய்வேன். அவ்வளவுதான் வாசகம். வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்காரவைத்து, வாக்காளர்கள் முன்னால் கையெழுத்து வாங்க வேண்டும். மாநிலத்தில் முப்பது தொகுதிகளில் கூட்டம் போட்டும் ஓரிடத்தில்கூட எல்லோரும் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் நழுவினார். ஒருவர் நழுவினால் மற்றவர்களும் "அவரு போடலையே" என்று பின்வாங்கினார்கள். முழுதாக ஒரே ஒரு தாள் கையில் கிடைத்துவிட்டால் சென்னைக்குப் போய் எல்லாக் கட்சித் தலைமையிடமும் காட்டி, அடுத்த தேர்தல் அறிக்கையிலேயே சேர்க்கச் சொல்லலாம் என்பது கிங்ஸ்லியின் கனவு. மிச்சமிருந்தது தென்காசி ஒன்றுதான்.

குற்றாலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் மலிவாகக் கிடைத்தது. ஏப்ரல் மாதம், அருவியில் பாறை மட்டும்தான் இருந்தது, ஊரில் ஈ காக்காய் இல்லை. முக்கியமான நாலு வேட்பாளர்களும் வர ஒத்துக்கொண்டார்கள். கிங்ஸ்லி மதுரையிலிருந்து கடிதம் போட்டிருந்தார். கூட்டத்தில் தண்ணீர் மட்டும் கொடுக்கவும், தேநீர்கூட வேண்டாம் என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார்.

நெல்லையப்பன் அதை மூன்று தடவை படித்தார். மனசு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் முன்னூறு பேரைக் கல்யாண மண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டு, வெறும் தண்ணீரைக் கொடுத்து அனுப்புவதா? நாற்பது வருடம் அடுப்பங்கரையில் நின்ற மனுஷனால் அது ஆகிற காரியமா?

"சார் வேண்டாம்னு கோடு போட்டு எழுதியிருக்காவளே" என்றாள் குழல்வாய்மொழி.

"சாரு ஆடிட்டரு. அவருக்குத் தாளு தெரியும், பசி தெரியாது. ஒருத்தர் வீட்டு விசேசத்துக்கு ஒருத்தர் போவாத நாலு பேரு ஒரே மேடையில ஏறுதாங்க. இது கல்யாணத்தவிடப் பெருசுட்டி!"

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மண்டபத்தின் பின்பக்கம் அடுப்பு எரிந்தது. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ், வெள்ளைச் சோறு. சொதி என்றால் தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு வைக்கிற குழம்பு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுப் பந்திக்கு அது இல்லாவிட்டால் சம்பந்தமே முறியும். பக்கத்துத் தெரு மாடத்தி எழுபத்தைந்து தேங்காயையும் ஒற்றை ஆளாகத் திருவிப் போட்டாள். எல்லாம் நெல்லையப்பனின் கைக்காசு.

பதினோரு மணிக்குக் கூட்டம் களைகட்டிவிட்டது. நாலு வேட்பாளர்களும் மேடையில் இருந்தார்கள். கிங்ஸ்லி பேச எழுந்தபோது பின்பக்கத்திலிருந்து தேங்காய்ப்பால் வாசனை மண்டபத்துக்குள் வந்தது. முன்னூறு தலையும் அந்தப் பக்கம் திரும்பின. கிங்ஸ்லியும் திரும்பினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அதே நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. வாக்காளர்களுக்கு விருந்து நடக்கிறது என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். பறக்கும் படையின் அதிகாரி ஆனந்தவள்ளி, இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு வீடியோக்காரர் என்று நாலு பேர் நேரே அடுப்பங்கரைக்கு வந்தார்கள்.

"இது யாரு போடுத சாப்பாடு?"

"நான்தாம்மா."

"நீங்க எந்தக் கட்சி?"

"நான் தவசுப்பிள்ளை."

ஆனந்தவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. "மேடையில நாலு வேட்பாளர் இருக்காங்க. கீழ முன்னூறு வாக்காளர். பின்னால முன்னூறு இலைக்குச் சாப்பாடு. இந்தச் செலவை நான் யாரு கணக்குல எழுதட்டும்? நாலாப் பிரிச்சு நாலு பேரு தலையிலயும் ஏத்தட்டுமா?"

மேடை வரைக்கும் அது கேட்டது. நாலு வேட்பாளர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அந்தத் தேர்தலில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். வெளியே கார்கள் உறுமின.

கிங்ஸ்லி பக்கத்தில் வந்து, "தண்ணியோட நிறுத்தியிருக்கலாமே, நெல்லையப்பன்" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்கிற மன்றம் இலவசச் சோறு போட்டது என்று நாளைக்குப் பத்திரிகையில் வரும். நெல்லையப்பனுக்கு அவமானத்தில் காது சுட்டது. கையெழுத்தும் போயிற்று, மன்றத்தின் பெயரும் போயிற்று. அதோடு இவ்வளவு சொதியையும் கீழே கொட்டச் சொல்வார்கள். எது பெரிய துக்கம் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

சொதி கொதித்துத் திரிந்துவிடக் கூடாதே என்று தீயைக் குறைக்கக் குனிந்தவர், நிமிர்ந்து கேட்டார்: "அம்மா, சும்மா போட்டாத்தானே தப்பு? விலைக்குப் போட்டா?"

"என்ன விலை? அஞ்சு ரூவாய்க்கும் பத்து ரூவாய்க்கும் போட்டா அதுவும் இனாம்தான். அடக்க விலைக்கு ஒரு ரூவா குறையக் கூடாது."

"அடக்க விலையை எழுதியே வைக்கேன்."

ஆனந்தவள்ளி வெளியே போய் மேலதிகாரியிடம் போனில் பேசினார். கால்மணி நேரம் கழித்து வந்து, "ஒவ்வொருத்தரும் காசு குடுக்கணும். வேட்பாளரும் குடுக்கணும். நான் நின்னு பாப்பேன்" என்றார். கார்கள் உறுமலை நிறுத்தின.

மண்டப வாசலில் மணமக்கள் பெயர் எழுதுகிற கரும்பலகை ஒன்று இருந்தது. நெல்லையப்பன் போன வாரத்து மணமக்களைத் துண்டால் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். கூட்டம் முழுக்க எழுந்து வந்து அவரைச் சுற்றி நின்றது. அரிசி முப்பது கிலோ, ஆயிரத்து எண்ணூறு. தேங்காய் எழுபத்தைந்து, மூவாயிரம். பாசிப்பருப்பு எட்டுக் கிலோ, தொள்ளாயிரத்து அறுபது. காய்கறி, சிப்ஸ், இஞ்சி, எண்ணெயும் நெய்யும், இலை, கேஸ் என்று ஒன்று விடாமல் எழுதினார். எழுத எழுதக் கூட்டத்திலிருந்த கடைக்காரர்கள் "சரிதான், சரிதான்" என்றார்கள். கடைச் சீட்டுகளை ஆனந்தவள்ளி ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். மொத்தம் பதின்மூவாயிரத்து எண்ணூறு. முன்னூறு இலைக்கு வகுத்தால் இலைக்கு நாற்பத்தாறு ரூபாய்.

பிறகு நடந்ததை அந்த ஊரில் இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். குழல்வாய்மொழி மேஜை போட்டு உட்கார்ந்தாள். முன்னூறு பேரும் வரிசையில் நின்றார்கள், நடுவில் நாலு வேட்பாளர்கள். ஒரு வேட்பாளர் சட்டைப்பையைத் தடவினார். தேர்தல் நேரத்தில் காசை வைத்திருப்பது எப்போதும் கூட வருகிறவர்கள்தான், அவர்களோ வெளியே காரில் இருந்தார்கள். பின்னால் நின்ற மாடத்தி, "இந்தாங்கய்யா, நான் தாரேன்" என்று ஐம்பது ரூபாயை நீட்டினாள். எல்லோரும் ஆனந்தவள்ளியைப் பார்த்தார்கள்.

"வாக்காளர் வேட்பாளருக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல" என்றார் ஆனந்தவள்ளி. அதோடு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பந்தி அமர்க்களமாக நடந்தது. காசு கொடுத்துச் சாப்பிட்டதாலோ என்னவோ, சொதியை யாரும் இலையில் மிச்சம் வைக்கவில்லை. ஆனந்தவள்ளி மட்டும் பணியில் இருப்பதாகச் சொல்லித் தன் பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மணிக்கு மேடையில் கையெழுத்து ஆரம்பமாயிற்று. முதல் மூன்று வேட்பாளர்களும் மறுபேச்சில்லாமல் போட்டார்கள். நாலாவது ஆள் வக்கீல் கௌரிசங்கர். அவர் பேனாவை வாங்கவில்லை, மைக்கை வாங்கினார்.

"சொதி ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அந்தப் பலகையை நல்லாப் பாத்தேன். அரிசி இருக்கு, இலை இருக்கு. சமைச்ச ஆளுக்குக் கூலி எங்க? கூலியைச் சேக்காம நாப்பத்தாறு ரூவான்னு எழுதுனா அது அடக்க விலை இல்ல. மிச்சம் இனாம்தானே, மேடம்? அப்ப இந்தப் பலகையே பொய். சோத்துக்கே ஒழுங்காப் பலகை எழுத முடியலன்னா, ரோட்டுக்கும் பாலத்துக்கும் எழுதுனா எவ்வளவு பொய் வரும்? இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

கிங்ஸ்லி கண்ணை மூடிக்கொண்டார். ஆனந்தவள்ளி பலகையைப் பார்த்தார். "அவரு சொல்லுதது சரிதான்" என்றார்.

நெல்லையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. மன்ற வேலைக்கு அவர் ஒருநாளும் கூலி நினைத்ததில்லை. நினைக்காததை எப்படி எழுதுவார்? சாக்குச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நேரே பலகைக்குப் போனார்.

"தப்புதான் சார். திருத்திருதேன்" என்று சுண்ணக்கட்டியை எடுத்தார். "சமையல் கூலி, எண்ணூறு" என்று எழுதினார்.

"தேங்கா திருவுனவ மனுசி இல்லையா?" என்று பின்னாலிருந்து குழல்வாய்மொழி சத்தம் போட்டாள். "நெருப்புல நின்னு கிண்டுனவ?"

மண்டபமே சிரித்தது. மாடத்தி, ஐந்நூறு. குழல்வாய்மொழி, ஐந்நூறு. ஆயிரத்து எண்ணூறு கூடிற்று. இலைக்கு ஆறு ரூபாய். நாற்பத்தாறை அழித்துவிட்டு ஐம்பத்திரண்டு என்று எழுதி, நெல்லையப்பன் மேடைப் பக்கம் திரும்பினார். மைக் இல்லாமலே அவர் குரல் கடைசி வரிசைவரை கேட்டது.

"நீங்க ரெண்டு மணி நேரத்துல தப்பைக் கண்டுபிடிச்சிட்டீங்க சார். நான் அஞ்சு நிமிசத்துல திருத்திட்டேன். பலகை இல்லாட்டி உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? எனக்குத்தான் தெரிஞ்சிருக்குமா? பலகையில பொய் வராதுன்னு நாங்க சொல்லல. வந்தா நாலு பேரு கண்ணுல படும்னுதான் சொல்லுதோம்."

கௌரிசங்கர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டத்தில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. கை கழுவி, வெற்றிலை போட்டு, போகலாமா என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பி வந்து குழல்வாய்மொழியின் மேஜை முன்னால் வரிசையில் நின்றார்கள். கையில் ஆறு ஆறு ரூபாய். யாரும் வரச் சொல்லவில்லை. வாசலைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்ட சிலரைக்கூட மற்றவர்கள் கூப்பிட்டு வந்தார்கள்.

கௌரிசங்கர் அந்த வரிசையைப் பார்த்தார். நல்ல வக்கீலுக்கு எப்போது உட்காரவேண்டும் என்று தெரியும். மேடையிலிருந்து இறங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்ததும் பத்து ரூபாயைக் கொடுத்து, மீதி நாலு ரூபாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மேடைக்கு ஏறி, உறுதிமொழித் தாளில் முழுப்பெயரையும் நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிங்ஸ்லி அந்தத் தாளை வாங்கி, நாலு கையெழுத்தையும் விரலால் தொட்டு எண்ணினார். அதிர்ந்து பேசாத மனுஷன், அன்றைக்கு மைக்கில் நெல்லையப்பனின் பெயரை மண்டபம் அதிரச் சொன்னார்.

குழல்வாய்மொழி பணத்தை எண்ணி முடித்து, எண்ணூறு ரூபாயைத் தனியே எடுத்து நெல்லையப்பனிடம் நீட்டினாள். அவர் வாங்கத் தயங்கினார். எத்தனையோ கல்யாணத்தில் கூலி வாங்கிய கைதான். ஆனால் முன்னூறு பேர் கண்ணெதிரே கணக்கு எழுதி, அவர்களே சரிபார்த்து, வரிசையில் நின்று கொடுத்த கூலி இது. கண் நிறைந்துவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"வாங்குங்க. பலகையில எழுதியாச்சுல்லா" என்றாள் குழல்வாய்மொழி.

அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு தாள் கேட்டு, எண்ணூறு ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி கரும்பலகையில் ஒட்டினார்.